குழந்தையின் கண்ணிற் போரின் முகம்

போரைப் பற்றி எழுதி வைத்தோர் பலர். படை நடத்திய தளபதி தன் நினைவுக் குறிப்புக்களை எழுதினான். ஆட்சி நடத்திய அமைச்சன் தன் செயல்களுக்கு நியாயம் எழுதினான். வரலாற்றாசிரியன் ஆவணங்களைத் துருவி இருவர் கூற்றையும் சீர்தூக்கினான். போரிலே தாயையும் வீட்டையும் இழந்த குழந்தை மாத்திரம் பெரும்பாலும் எதையும் எழுதி வைப்பதில்லை. எழுதக்கூடிய பருவம் வரும்போது அது குழந்தையாக இருப்பதுமில்லை. ஆகவே வரலாற்றேட்டிலே குழந்தைக்குரிய பக்கம் பெரிதும் வெறுமையாகவே கிடக்கின்றது.

இவ்வெறுமையை நிரப்பும் பணியை இரண்டாவது உலக மகாயுத்தத்தின் பின்னர் திரைப்படக்கலை தன்மேற் போட்டுக்கொண்டது. 1945 ஆம் ஆண்டு தொடக்கம் ஐரோப்பாவிலே தோன்றிய போர்ப் படங்களுட் சிறந்தன பலவற்றில் நடுநாயகமாக நிற்பவன் போர்வீரனல்லன்; சிறுவனோ சிறுமியோதான். இதனை வெறும் உத்தியென்று கூறி அப்பாற் செல்லுதல் எளிது. குழந்தை அழுதால் பார்ப்போரும் அழுவர், கொட்டகை நிறையும் என்று கணக்குப் போடும் வணிகர் எந்நாட்டிலும் உளர். எனினும் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஒன்றுமறியாத கண்ணைக் கமராவின் இடத்தில் வைக்கும்போது போரைப் பற்றிய உண்மை வெளிப்படுகின்றதா, அன்றி மறைக்கப்படுகின்றதா? குழந்தைக்குக் குண்டு விழுவது தெரியும். விழுந்த காரணம் தெரியாது. அதன் கண்ணோடு நாமும் நின்றுவிட்டாற் போர் என்பது புயலையும் வெள்ளத்தையும் போன்றதோர் இயற்கை உற்பாதமாகிவிடும். அதற்கு எவரும் பொறுப்பாளியல்லர் என்றாகிவிடும். இப்பொறியிற் சிக்காது, குழந்தையின் கண்ணை வரலாற்றின் சாட்சியாக்கிய படங்கள் எவை, அவை அதனை எவ்வாறு சாதித்தன என்பவற்றைச் சில உதாரணங்கள் கொண்டு ஆராய்வதே நமது நோக்கம்.

பேதையின் கண்ணாற் போரைக் காணும் முறை திரைப்படத்தோடு பிறந்ததன்று. 1618 முதல் 1648 வரை ஜேர்மன் நாட்டைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போரிலே சிறுவயதிலேயே படைகளின் கையிற் சிக்கியவர் கிறிம்மெல்ஸ்ஹவுஸன். அவர் 1668 இல் வெளியிட்ட 'சிம்பிளிசிஸிமுஸ்' என்னும் நாவலிலே, தன் பண்ணைவீட்டைப் படையினர் சூறையாடுவதை ஒன்றும் விளங்காத சிறுவனொருவன் விவரிக்கின்றான். அவனுடைய அறியாமையே அங்கு அங்கதமாகின்றது. 1862 இல் விக்தோர் ஹியூகோ படைத்த தெருச்சிறுவன் கவ்றோஷ் பாரிஸ் நகரத்துத் தடுப்பரணில் உயிர்விடுகின்றான். திரைப்படத்திலும் 1925 ஆம் ஆண்டிலேயே ஐஸென்ஸ்ரைனுடைய 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' ஒடெஸ்ஸாப் படிக்கட்டிலே உருண்டோடும் குழந்தை வண்டியை உலகத்தாரின் நினைவிற் பதித்துவிட்டது. ஆனால் அங்கு குழந்தை காணப்படும் பொருளேயன்றிக் காணும் கண்ணன்று. குழந்தை காண, அதனோடு சேர்ந்து நாமும் காணும் நிலை பின்னர்தான் முழுமை பெற்றது. அதற்கு ஒரு மகாயுத்தத்தின் இடிபாடு தேவையாயிற்று.

1944 ஜூன் 4 ஆம் திகதி நேசநாட்டுப் படைகள் றோமாபுரியுட் புகுந்தன. ஏறக்குறைய ஒன்பது மாதகால ஜேர்மானிய ஆக்கிரமிப்பு முடிவுற்றது. அடுத்த ஜனவரியில், இத்தாலியின் வடபாகத்திற் போர் ஓயாதிருக்கையிலேயே, ரொபேர்ட்டோ ரொஸெலினி 'றோம், திறந்த நகரம்' என்னும் படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார். பாஸிஸ ஆட்சியின் போர் முயற்சிக்கு உதவும் படங்கள் மூன்றினை அதற்கு முன்னர் எடுத்தவரும் இவரேதான் என்பதை நாம் மறத்தலாகாது. காலமும் மக்களும் கலைஞனை மாற்றுவதுண்டு. பெரிய கலையகங்கள் பயன்படாத நிலை; படச்சுருளுக்குத் தட்டுப்பாடு; தெருவே கலையகமாயிற்று. தெருவுக்குக் கமரா வந்ததும் தெருச்சிறுவர்களும் கமராவின் முன் வந்தனர். புதிய யதார்த்தவாதம் என்று பின்னர் பெயர் பெற்ற நெறியிலே குழந்தைகள் இத்துணை இடம் பெற்றமைக்கு இப்பொருளாயதக் காரணமும் உண்டு.

அப்படத்திலே பீனா என்னும் தொழிலாளர் குடும்பத்துப் பெண், கைதாகிச் செல்லும் தன் காதலனின் வண்டியைத் தொடர்ந்து ஓடுகையிற் சுடப்பட்டு வீழ்கின்றாள். அவளுடைய சிறு மகன் அவளுடலின்மேல் விழுந்து கதறுகின்றான். 1944 மார்ச் 3 ஆம் திகதி, பிடித்துச் செல்லப்பட்ட கணவனைக் காணச் சென்று, கருவுற்ற நிலையிற் சுட்டுக் கொல்லப்பட்ட தெரேஸா குல்லாச்சே என்னும் றோமாபுரிப் பெண்ணின் கதியே இக்காட்சிக்கு மூலம். ஆயின் இப்படத்துச் சிறுவர் அழுவதற்கு மாத்திரம் வந்தவரல்லர். ஒற்றைக் காலுடைய சிறுவனொருவனின் தலைமையில் அவர்கள் ஜேர்மானியரின் எரிபொருளுக்குக் குண்டு வைக்கின்றனர். வீடு திரும்பியதும், நேரஞ்சென்று வந்ததற்காகப் பெற்றோரிடம் அடியும் வாங்குகின்றனர். இறுதிக் காட்சியில் விடுதலைப் போராளிகளுக்கு உதவிய பாதிரியாரைச் சுடுவதற்கு நிறுத்துகின்றனர். இத்தாலியச் சிப்பாய்கள் வேண்டுமென்றே குறி தப்பிச் சுட, ஜேர்மானிய அதிகாரி தன் கைத்துப்பாக்கியால் அவர் கதையை முடிக்கின்றான். கம்பி வேலிக்கு அப்பால் நிற்கும் சிறுவர்கள் சீட்டியடித்துத் தாம் வந்திருப்பதை அவருக்கு உணர்த்துகின்றனர். எல்லாம் முடிந்ததும் அவர்கள் நகரத்தை நோக்கி நடக்கின்றனர். அவர்கள் கண்டதை இனி எவராலும் மறைக்க இயலாது. இங்கு குழந்தை நாளைய நீதிமன்றத்தின் சாட்சி.

இந்நம்பிக்கையோடு ரொஸெலினி நின்றிருந்தால் நாமும் மகிழ்ந்து கலைந்திருப்போம். ஆனால் 1947 இல் அவர் தோல்வியுற்ற பகைவனின் தலைநகருக்குச் சென்றார். பேர்லினின் இடிபாடுகளிடையே எடுக்கப்பட்டு 1948 இல் வெளிவந்த 'ஜேர்மனி, பூச்சிய ஆண்டு' என்னும் படம் வேறொரு கேள்வியை எழுப்பியது. பாஸிஸத்தின் கீழ்ப் பிறந்து, அதன் பள்ளியிற் படித்து வளர்ந்த சிறுவனின் கண் எதைக் காணும்?

எட்மண்டுக்கு வயது பன்னிரண்டு. தந்தை படுத்த படுக்கை. படையிலிருந்த தமையன் பிடிபடுவோம் என்ற பயத்திற் பங்கீட்டு அட்டையுமின்றி ஒளிந்திருக்கின்றான். தமக்கை குடும்பத்தை ஒருவாறு தாங்குகின்றாள். சிறுவன் வேலை தேடி அலைகின்றான். வழியில் அவனது பழைய ஆசிரியன் எதிர்ப்படுகின்றான். அவன் நாஸிக் கொள்கையிலிருந்து சற்றும் மாறாதவன். அவன் எட்மண்டிடம் ஹிட்லரின் சொற்பொழிவு அடங்கிய இசைத்தட்டொன்றைக் கொடுத்து, ஆக்கிரமிப்புப் படையினருக்கு விற்று வருமாறு அனுப்புகின்றான். இடிந்து கிடக்கும் ஆட்சித்தலைவர் மாளிகையில் அத்தட்டு சுழலும்போது, செத்தவனின் குரல் கற்குவியல்களின் மேலாக எழுந்து ஒலிக்கின்றது. நகரம் வீழ்ந்தும் குரல் வீழவில்லை என்பதைக் காட்ட இதனிலும் சிறந்த காட்சி வேண்டியதில்லை.

தந்தையின் நோயைப் பற்றிச் சிறுவன் முறையிடும்போது, நலிந்தோர் அழிந்து வலியோர் வாழ்வதே நியதி என்ற பழைய பாடத்தை ஆசிரியன் அலட்சியமாக ஒப்புவிக்கின்றான். சொன்னவனுக்கு அது வாய்ப்பாடு. கேட்ட சிறுவனுக்கோ கட்டளை. மருத்துவமனையிலிருந்து நஞ்சை எடுத்துவந்து, தேநீரிற் கலந்து, தந்தைக்குக் கொடுத்துவிடுகின்றான். பின்னர் ஆசிரியனிடம் சென்று செய்ததைக் கூறுகையில், அவன் பதறி, தான் அவ்வாறு செய்யச் சொல்லவில்லை என்று கைகழுவிச் சிறுவனைத் துரத்துகின்றான். தெருவில் விளையாடும் பிள்ளைகளும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தன்னந்தனியே அலைந்த எட்மண்ட், இடிந்த மாடியொன்றின் மேலிருந்து தன் தந்தையின் சவப்பெட்டி கொண்டு செல்லப்படுவதைக் காண்கின்றான். பின்பு கீழே குதித்துவிடுகின்றான்.

எட்மண்ட் குற்றவாளியா, மாசற்றவனா? இரண்டும் என்பதே படம் தரும் விடை. அவன் தான் செய்வது இன்னதென்று அறியாது செய்தான்; எனினும் வெற்றுப் பலகையாக இருந்து செய்யவில்லை. அவன் நெஞ்சிலே எழுதப்பட்டிருந்ததைத்தான் செய்தான். குழந்தையின் அறியாமைக்கும் ஒரு வரலாறு உண்டு, எழுதிய கை ஒன்று உண்டு என்பதை இப்படம் நிறுவியது. இதுவே நமது வாதத்தின் அச்சாணி.

இவ்வுண்மை மறக்கப்படின் விளைவது யாது என்பதை அறுபது ஆண்டுகளின் பின்னர் வெளிவந்த படமொன்று காட்டுகின்றது. 2008 இல் மார்க் ஹேர்மன் நெறியாள்கையில் வந்த 'கோடிட்ட பைஜாமாச் சிறுவன்' பல நாடுகளிற் பள்ளி மாணவருக்கும் காட்டப்பட்டது. யூதரைக் கொல்லும் முகாமொன்றின் தலைமை அதிகாரியின் எட்டு வயது மகன், வேலிக்கு அப்பாலுள்ள யூதச் சிறுவனோடு நட்புக்கொண்டு, முகாமினுள் நுழைந்து, அவனோடு நச்சுவாயு அறையில் மடிகின்றான். கண்ணீர் பெருகுகின்றது என்பதில் ஐயமில்லை. யாருக்காகப் பெருகுகின்றது? இறுதியில் நம் காதில் விழும் ஓலம் கொலை முகாம் தலைவனின் குடும்பத்தாருடையது. அவ்வதிகாரியின் மகனோ யூதர் யார், தன் தந்தை யார் என்பவற்றை அறியாதவன்போற் படைக்கப்பட்டிருக்கின்றான். 1930 களின் ஜேர்மனியிலே யூதரை நச்சுக் காளானாகச் சித்திரித்த படப்புத்தகங்கள் சிறுவர்க்கென்றே அச்சாயின. 1936 ஆம் ஆண்டுச் சட்டமும் 1939 ஆம் ஆண்டு ஆணையும் பத்து வயது நிரம்பிய ஜேர்மானியப் பிள்ளைகளை ஆட்சியின் இளைஞர் அணிக்குள் இழுத்தன. ஆஸ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட யூதச் சிறுவரிற் பெரும்பாலோர் வந்திறங்கிய அன்றே கொல்லப்பட்டனர். வேலியோரத்தில் அமர்ந்து நட்புக் கொண்டாட அவர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை. இப்படத்துக்கு மூலமான நாவலை அவ்வரலாற்றைக் கற்க விரும்புவோர் தவிர்க்கவேண்டும் என்று ஆஸ்விட்ஸ் நினைவகமே 2020 இல் எச்சரித்தது. எட்மண்டின் அறியாமை சமுதாயம் உண்டாக்கியது. இச்சிறுவனின் அறியாமை கதாசிரியர் வசதிக்காக உண்டாக்கியது. முன்னையது நம்மை விசாரிக்கின்றது. பின்னையது நம்மைத் தேற்றி அனுப்புகின்றது.

பிரான்ஸிலே 1952 இல் றெனே கிளெமாங் தந்த 'தடுக்கப்பட்ட விளையாட்டுக்கள்' பிறிதொரு வழியில் இதே உண்மையை அணுகியது. 1940 ஜூன் மாதம். பாரிஸை விட்டுத் தெற்கு நோக்கி மக்கள் அணியணியாய் ஓடுகின்றனர். விமானங்கள் தாழப் பறந்து சுடுகின்றன. ஐந்து வயதுச் சிறுமி போலெத் ஒரே கணத்தில் தாய், தந்தை, நாய்க்குட்டி ஆகிய மூவரையும் இழக்கின்றாள். அவளை ஓர் ஏழை விவசாயக் குடும்பம் ஏற்றுக்கொள்கின்றது. அவளும் அவ்வீட்டுச் சிறுவன் மிஷேலும் பழைய ஆலையொன்றினுள் இறந்த உயிர்களுக்கெல்லாம் இடுகாடு அமைக்கின்றனர். அதற்கு வேண்டிய சிலுவைகளை ஊர் மயானத்திலிருந்து திருடுகின்றனர். பெற்றோருக்குக் கிடையாத அடக்கத்தை அவள் எலிக்கும் பூச்சிக்கும் செய்து பார்க்கின்றாள் என்பது நமக்கு விளங்குகின்றது; அவளுக்கு விளங்குவதில்லை.

ஆயினும் கிளெமாங் குழந்தைகளோடு நின்றுவிடவில்லை. திருட்டுப் போன சிலுவைகளுக்காக அயல் வீட்டார் இருவர் மயானத்திலேயே கட்டிப் புரளுகின்றனர். ஊருக்கு அப்பால் ஒரு நாடே வீழ்ந்துகொண்டிருக்க, இவர்களுக்கோ வேலிச் சண்டைதான் பெரிது. சிலுவைகள் இருக்குமிடத்தைச் சொன்னாற் சிறுமியை அனுப்பமாட்டேன் என்று மிஷேலின் தந்தை வாக்களிக்கின்றான். சொன்னதும் வாக்கை மீறுகின்றான். செஞ்சிலுவைச் சங்கத்தாரின் பொறுப்பிலே, சனநெரிசல் மிக்க நிலையத்தில் விடப்பட்ட போலெத், மிஷேலையும் பின் தாயையும் கூவியழைத்தபடி கூட்டத்தில் மறைகின்றாள். தேவாலயமும் குடும்பமும் உயர்வெனக் காட்டிய சடங்குகளைத்தான் குழந்தைகள் பின்பற்றினர். பெரியோர் கையிற் சடங்கு உயிரற்றிருந்தது. சிறியோர் கையில் அது துயரமாக உயிர்த்தது. தடுக்கப்படவேண்டிய விளையாட்டு எது என்ற கேள்வியைப் படம் நம்மிடமே விட்டுவிடுகின்றது.

இனிச் சோவியத் நாட்டுக்குச் செல்வோம். அங்கு நிலை வேறு. பிரான்ஸிலும் இத்தாலியிலும் இல்லாத அளவுக்கு மக்கள் அழிந்த நாடு அது. பாஸிஸத்தின் முதுகெலும்பை முறித்த வெற்றியும் அதனுடையது. ஆகவே போர்ப் படம் என்றால் வெற்றிப் படம் என்ற வழக்கு அங்கு வலுப்பெற்றிருந்தது. விளாதிமிர் பொகமோலொவின் கதையை ஆதாரமாகக் கொண்டு 1962 இல் முப்பது வயது அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி எடுத்த 'இவானின் குழந்தைப் பருவம்' அவ்வழக்கை மீறியது. நெறியாளரும் கதைநாயகனும் ஏறக்குறைய ஒரே வயதுத் தலைமுறையினர் என்பது கவனிக்கத்தக்கது.

பன்னிரண்டு வயது இவான் தாயைப் பகைவரிடம் இழந்தவன். ஆற்றைக் கடந்து எதிரியின் நிலைகளை வேவுபார்த்து வருபவன். அதிகாரிகள் அவனைப் பள்ளிக்கு அனுப்ப முயலுகின்றனர், அவன் மறுக்கின்றான். விழித்திருக்கையிற் பழிவாங்கும் வெறியொன்றே அவனை ஆளுகின்றது. உறங்குகையில் மாத்திரம் தாயும் குயிலோசையும் வாளித் தண்ணீரும் திரும்புகின்றன. 1945 இல் வீழ்ந்த பேர்லினிலே, பகைவரின் கோவைகளிடையே, இவான் தூக்கிலிடப்பட்டான் என்ற பதிவு அகப்படுகின்றது. அதே வேளையில், தம் பெற்றோராலேயே நஞ்சூட்டப்பட்ட கோயபெல்ஸின் பிள்ளைகளது சடலங்களையும் மெய்யான செய்திப்படம் காட்டுகின்றது. வென்றோர் பிள்ளையும் தோற்றோர் பிள்ளைகளும் ஒருசேரக் கிடக்கின்றனர்.

அவ்வாண்டு வெனிஸ் விழாவில் இப்படம் தங்கச் சிங்கப் பரிசை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. இத்தாலிய இடதுசாரிப் பத்திரிகைகள் சில, கம்யூனிஸ்டுக் கட்சியின் 'லூனித்தா' உட்பட, இதனைக் குறைகூறின. கனவுக் காட்சிகளிலே மேனாட்டுக் கலையின் பழைய உத்திகளும் நடுத்தர வர்க்கச் சுவையும் தலைகாட்டுகின்றன என்பது அவற்றின் குற்றச்சாட்டு. இதற்கு மறுப்பாக ஷான்-போல் சார்த்தர் கடிதமொன்று எழுதினார். அக்கனவுகள் அலங்காரமல்ல, போர் சிதைத்த உள்ளத்தின் மெய்ந்நிலையே என்றும், நீதியான வெற்றியிலுங்கூட ஈடுசெய்ய முடியாத இழப்பு உண்டென்பதை இவான் உணர்த்துகின்றான் என்றும் அவர் வாதித்தார். முற்போக்கு எழுத்தைச் சார்ந்து நிற்கும் நாம் இவ்விவாதத்தை இன்றும் எண்ணிப் பார்த்தல் நன்று. நீதியான போர் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஸ்டாலின்கிராட் வீழ்ந்திருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்பதை யாவரும் அறிவர். ஆனால் போர் நீதியானது என்பதனால் அதிற் சிதைந்த பிள்ளை சிதையாதவனாகிவிடமாட்டான். வெற்றியின் கணக்கேட்டில் அவனைச் செலவுப் பத்தியில் எழுதிக் கோடிழுத்துவிடும் உரிமை எந்த இயக்கத்துக்கும் கிடையாது. பிள்ளையைப் போருக்கு அனுப்பும் எவரும், அனுப்பியபின் வீரனென்று பாடும் எவரும், இப்படத்தின் முன் அமர்ந்து பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இருபத்துமூன்று ஆண்டுகளின் பின், 1985 இல், எலெம் கிளீமொவ் 'வந்து பார்' என்னும் படத்தை வெளியிட்டார். எழுத்தில் அவருக்குத் துணைநின்ற அலெஸ் அதமோவிச் பதின்ம வயதிலேயே கொரில்லாப் படையில் இருந்தவர். எரிக்கப்பட்ட கிராமங்களில் எஞ்சியோரின் வாக்குமூலங்களைத் திரட்டியவர். பெலோருஷ்யாவில் 628 கிராமங்கள் அவற்றின் மக்களோடு கொளுத்தப்பட்டன என்று படத்தின் இறுதி வாசகம் கூறும். அவற்றுள் ஒன்றாகிய கத்தீனில் 1943 மார்ச் 22 ஆம் திகதி மடிந்த 149 பேரில் 75 பேர் குழந்தைகள்.

மணலைத் தோண்டித் துப்பாக்கியொன்றைக் கண்டெடுத்து, தாயின் கதறலையும் பொருட்படுத்தாது, விளையாட்டுக்குச் செல்பவன்போற் கொரில்லாப் படையிற் சேரும் புளோர்யா, சின்னாட்களில் முதியவனின் முகத்தைப் பெறுகின்றான். கிராமத்தாரைக் களஞ்சியமொன்றினுள் அடைத்த படையினர், குழந்தைகளை உள்ளே விட்டுவிட்டு வரக்கூடியோர் வெளியே வரலாம் என்கின்றனர். பின்னர் பிடிபட்ட அதிகாரி ஒருவன், எல்லாம் குழந்தைகளிலிருந்தே தொடங்குகின்றன, ஆகவே அவர்கள் வாழக்கூடாது என்ற தன் கொள்கையை வெட்கமின்றிக் கூறுகின்றான். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டே இறுதிக் காட்சியைப் பார்த்தல் வேண்டும். சேற்றிற் கிடக்கும் ஹிட்லரின் படத்தை நோக்கிப் புளோர்யா சுடுகின்றான். ஒவ்வொரு வேட்டுக்கும் செய்திப்படம் பின்னோக்கி ஓடுகின்றது: முகாம்கள், அணிவகுப்புக்கள், கூட்டங்கள், முதலாவது மகாயுத்தம் எனக் காலம் சுருண்டு, ஈற்றில் தாயின் மடியில் அமர்ந்த குழந்தை ஹிட்லர் தோன்றுகின்றான். புளோர்யாவின் விரல் நின்றுவிடுகின்றது.

இதனை மன்னிப்பென்று கருதுவோர் தவறிழைப்பர். எல்லாம் குழந்தைகளிலிருந்தே தொடங்குகின்றன என்ற கொலைஞனின் தத்துவத்துக்கு இது மறுப்பு. கொடுமை மடியிலிருந்த அப்பிள்ளையிலிருந்து தொடங்கவில்லை. பின்னோக்கி ஓடிய அப்படச்சுருளிலே, அணிவகுத்த கூட்டங்களிலே, கைதட்டிய கைகளிலே, அக்கூட்டங்களுக்குப் பொருளுதவிய செல்வர்களிலே இருக்கின்றது அதன் தொடக்கம். கொடுங்கோலன் பிறப்பதில்லை, ஆக்கப்படுகின்றான் என்பது நாம் அடிக்கடி கூறும் வாசகம். அவ்வாசகத்தை, அனைத்தையும் இழந்த ஒரு சிறுவனின் விரலில் வைத்துச் சோதித்துப் பார்த்தவர் கிளீமொவ்.

இதுவரை நாம் கண்டவை போர் முடிந்தபின் சுதந்திரமாகப் பேச இயன்ற நாடுகளிலோ, வெற்றியடைந்த நாட்டிலோ தோன்றியவை. தோற்கடிக்கப்பட்ட மக்கள் வாய்திறக்க முடியாத நாட்டிற் குழந்தையின் கண் இன்னொரு பயனையும் தந்தது. ஸ்பெயினில் 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரிலே குடியரசு வீழ்ந்தது. பிராங்கோவின் ஆட்சி 1975 இல் அவன் இறக்கும்வரை நீடித்தது. அவ்வாட்சி நடந்துகொண்டிருக்கையிலேயே 1973 இல் விக்தோர் எரிஸே 'தேன்கூட்டின் ஆவி' என்னும் படத்தை எடுத்தார். 1940 ஐ ஒட்டிய காலம். காஸ்தீல் பிரதேசத்துச் சிற்றூர். 1931 இல் வெளியான 'பிராங்கன்ஸ்டைன்' படம் ஊர் மண்டபத்திற் காட்டப்படுகின்றது. சிறுமி ஆனா தமக்கையிடம் கேட்கின்றாள்: அவன் ஏன் அச்சிறுமியைக் கொன்றான்? பின்பு அவனை ஏன் கொன்றார்கள்?

ஏன் கொன்றார்கள் என்று கேட்பதற்கு அந்நாட்டிலே பெரியோர் எவருக்கும் துணிவில்லாதிருந்த காலம் அது. ஊர்ப்புறத்துப் பாழ்மனையில் ஒளிந்திருக்கும் தப்பியோடிய மனிதனுக்கு ஆனா பழமும் தந்தையின் மேலங்கியும் கொடுக்கின்றாள். அவன் யாரென்று படம் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது, பார்த்தோர் அறிந்துகொண்டனர். இரவில் அவன் சுடப்படுகின்றான். திரைப்படம் காட்டிய அதே மண்டபத்தில், அதே திரையின் கீழ், அவனது உடல் கிடத்தப்படுகின்றது. குழந்தைக்கு விளங்காது என்ற சாக்கிலே, தணிக்கையாளனுக்கு முன்னால் ஒரு தேசத்தின் துயரம் கூறப்பட்டது. அப்படத்திலே வகுப்பறைக் காட்சியொன்றும் உண்டு. பலகையில் வரைந்த மனித உருவுக்கு மாணவர் ஒவ்வோர் உறுப்பாகப் பொருத்துகின்றனர். எஞ்சிய குறை யாது என்று ஆசிரியை கேட்க, ஆனா எழுந்து சென்று கண்களைப் பொருத்துகின்றாள்.

கண்ணைப் பொருத்துவதுதான் ஆசிரியத் தொழில் என்றால், அத்தொழிலுக்கு நேர்ந்த கதியை 1999 இல் ஹொஸே லூயிஸ் குவேர்தா எடுத்த 'வண்ணத்துப்பூச்சியின் நாக்கு' கூறும். மனுவேல் ரிவாஸின் கதைகளை ஆதாரமாகக் கொண்டது இப்படம். 1931 இல் அமைந்த ஸ்பானியக் குடியரசு, எழுத்தறியாத கிராமங்களுக்குப் பள்ளிகளைக் கொண்டுசெல்வதைத் தன் தலையாய பணிகளில் ஒன்றாகக் கருதியது. முதலாண்டிலேயே 7000 ஆசிரியர் பதவிகளுக்கு ஆணை பிறப்பித்தது. அக்குடியரசின் ஆசிரியர் ஒருவரே படத்தின் தோன் கிரெகோரியோ. பிரம்பைத் தொடாதவர், பிள்ளைகளைக் காட்டுக்கும் ஆற்றுக்கும் அழைத்துச் சென்று பூச்சியையும் பறவையையும் காட்டிக் கற்பிப்பவர். இழுப்பு நோயால் வருந்தும் சிறுவன் மொஞ்சோவுக்கு அவரே உலகின் வாயில். சிறுவனின் தந்தை தையற்காரர், குடியரசின் ஆதரவாளர், ஆசிரியருக்குத் தன் கையால் உடை தைத்துக் கொடுத்தவர்.

1936 ஜூலையிற் படையதிகாரிகள் கிளர்ந்தெழுந்தனர். கலீசியாப் பிரதேசம் சில நாட்களில் அவர்கள் வசமாயிற்று. தையற்காரர் வீட்டிலே கட்சி அட்டையும் பத்திரிகைகளும் எரிகின்றன. கைதிகள் வண்டியில் ஏற்றப்படும்போது ஊர் முழுதும் சதுக்கத்திற் கூடி வசைபாடுகின்றது. வசைபாடாதவர் அடுத்த கைதியாவர். தாய் தூண்டுகின்றாள், தந்தை அழுதுகொண்டே நண்பனை ஏசுகின்றார், மொஞ்சோவும் கத்துகின்றான், நாத்திகன் என்றும் சிவப்பன் என்றும். வண்டி நகர, மற்றப் பிள்ளைகளோடு ஓடிக் கல்லெறிகின்றான். வசைச்சொற்கள் தீர்ந்ததும் அவன் வாயில் வருபவை, ஆசிரியர் கற்பித்த ஒரு பறவையின் பெயரும், வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுநாக்குக்கு அவர் சொல்லித்தந்த பெயரும். அச்சொற்கள் வசையா, விடைபெறும் வணக்கமா என்பதை அவனும் அறியான். அவனுடைய முகத்தில் உறைந்து நின்றுவிடுகின்றது படம்.

எட்மண்டையும் மொஞ்சோவையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ஒருவனுக்கு வாய்த்த ஆசிரியன் நஞ்சைக் கற்பித்தான். மற்றவனுக்கு வாய்த்தவர் உலகைக் கற்பித்தார். இருவரும் தம்மை நேசித்தவர்மீதே கையோங்கினர். அப்படியாயின் கல்வியினாற் பயனென்ன என்று கேட்கத் தோன்றும். பயன் இதுவே: எட்மண்டின் நெஞ்சில் எஞ்சியது கட்டளை, மொஞ்சோவின் நாவில் எஞ்சியது சொல். கட்டளை, நிறைவேறியபின் அவனைக் கொன்றது. அச்சொல்லோ, அவன் வளர்ந்தபின் ஒருநாள் தான் எறிந்த கல்லின் பொருளை அவனே விசாரிப்பதற்கு உதவும். அச்சம் ஊரை ஆளும் நாளில் எந்தப் பாடமும் பிள்ளையைக் காத்துவிடாது என்பதையும் படம் மறைக்கவில்லை. வகுப்பறையை மட்டும் திருத்திவிட்டுச் சதுக்கத்தைப் படைகளிடம் விட்டுவிட முடியாது.

ஆகவே மாசின்மை என்பது குழந்தையோடு பிறந்து, போர் வந்து பறித்துச் செல்லும் ஓர் அணிகலனன்று. சமுதாயம் குழந்தைக்குச் செலுத்தவேண்டிய கடன் அது. அக்கடனைச் செலுத்தாதவர் யாவர் என்று பெயர் சொல்லிக் கேட்கும் படமே குழந்தையின் கண்ணை நேர்மையாகப் பயன்படுத்திய படம். கேட்காத படம், எத்துணை கண்ணீரைப் பெருக்கினும், குழந்தையை இரண்டாம் முறையும் பயன்படுத்திக்கொள்கின்றது.

போரின் நடுவே பிறந்து வளர்ந்த தலைமுறை நம் மத்தியிலும் உண்டு. வகுப்பறைகளில் அவர்களும் அவர்தம் பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர், அமர்ந்திருக்கின்றனர். நம்மில் ஆசிரியராயிருப்போர் இத்தகைய படமொன்றை மாணவருக்குக் காட்ட நேருமாயின், விளக்கை ஏற்றியவுடன் அவர்களைக் கலைந்துபோக விடாதிருப்பாராக. கண்ணைத் துடைத்தபின் கேட்கவேண்டிய கேள்விகள் உள: இதனைச் செய்தவர் யார்? செய்யக் கற்பித்தவர் யார்? கண்டும் பேசாதிருந்தவர் யார்? இதனாற் பயனடைந்தவர் யார்? ஆனா கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதுதான். அவளுக்கு அவ்வூரில் எவரும் விடை கூறவில்லை.